உழாத தொட்டியில் உயிருள்ள மண்: பெங்களூரு வீடுகளுக்கு ஏற்ற கலவை எது?

பெங்களூரு: அறுவடை முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துப் பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, நாற்றுப்பண்ணையில் புதிய மூட்டை ஒன்றை வாங்கி நிரப்புவது நகரத்து வீட்டுத் தோட்டங்களில் பொதுவான வழக்கமாக உள்ளது. அந்த மூட்டையில் இருப்பது பெரும்பாலும் செம்மண்ணும் கோகோபீட்டும் சிறிது எருவும்தான். ஓரிரு பருவங்களில் அது சத்திழந்து இறுகிவிடுகிறது. பிறகு மீண்டும் ஒரு மூட்டை தேவைப்படுகிறது.

இதற்கு மாற்றாக, ஒருமுறை முறையாகக் கலந்த மண்ணைக் கிளறாமல், கொட்டாமல், அதே தொட்டியில் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும் முறை பெங்களூருவின் பால்கனிகளிலும் வீட்டுக்குள் விளக்கொளியில் கீரை வளர்ப்போரிடமும் கவனம் பெற்று வருகிறது. 'உயிர்மண்' என்றும் 'உழவில்லாத் தொட்டி' என்றும் இது அழைக்கப்படுகிறது. செடிக்கு நேரடியாக உரமிடுவதற்குப் பதிலாக, மண்ணில் வாழும் பூஞ்சை, பாக்டீரியா, மண்புழு ஆகியவற்றுக்கு உணவளித்து, அவற்றின் வழியாகச் செடியை வளர்ப்பதே இதன் அடிப்படை.

இந்த முறை குறித்து இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருபவை. அங்குள்ள மண், நீர், கடைப்பொருள்கள் ஆகியவற்றை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை அவை. பெங்களூருவில் அவற்றை அப்படியே பின்பற்றினால் பணமும் செடியும் வீணாக வாய்ப்புண்டு. இந்நகருக்கு ஏற்ற கலவை எது, அதை எப்படித் தயாரிப்பது என்பதை இங்கே பார்க்கலாம்.

குப்பையும் நீரும்

பெங்களூருவில் தொட்டி மண் என்பது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. நகரின் குப்பையைச் சுமந்த மாவள்ளிபுரா கிடங்கு 2012-இல் மூடப்பட்டது. மண்டூர் கிராம மக்களின் தொடர் எதிர்ப்புக்குப் பிறகு அங்கிருந்த கிடங்கும் 2014-ஆம் ஆண்டு இறுதியில் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில், ஈரக் குப்பை, உலர் குப்பை, கழிவு என மூன்றாகப் பிரித்து வழங்குவதை வீடுகளுக்குக் கட்டாயமாக்கிக் கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நகரக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறையிலிருந்து வரும் ஈரக் கழிவு. அதை வீட்டிலேயே மட்கச் செய்யும் முயற்சிகள் இந்நெருக்கடிக்கு முன்பே இங்கு தொடங்கிவிட்டன. வடிவமைப்பாளர் பூனம் பீர் கஸ்தூரி 2006-இல் தொடங்கிய 'டெய்லி டம்ப்' நிறுவனத்தின் 'கம்பா' என்ற சுடுமண் அடுக்குப் பானை இன்று பல வீடுகளின் பால்கனியில் நிற்கிறது. 2011-இல் தொடங்கிய 'ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா' என்ற மாடித் தோட்டச் சந்தை, சொந்தத் தோட்டத்திலிருந்தே உணவு என்ற எண்ணத்தை நகரமெங்கும் கொண்டு சென்றது.

நீரின் கதை இன்னும் அண்மையது. 2023-இல் பருவமழை பொய்த்ததைத் தொடர்ந்து, 2024 கோடையில் நகரின் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வறண்டன. அந்த மார்ச் மாதம், வாகனம் கழுவுதல், தோட்டத்துக்குப் பாய்ச்சுதல் உள்ளிட்ட பயன்பாடுகளுக்குக் குடிநீரைச் செலவிடத் தடை விதித்த பெங்களூரு குடிநீர் வாரியம், மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என அறிவித்தது. காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கி, நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் கூடுதல் நீருக்கு வழி திறந்தது. ஆனாலும், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றப்படும் நீரைத் தொட்டியின் அடித்துளை வழியே ஒழுக விடுவது எந்த ஆண்டிலும் நியாயமாகத் தோன்றாது. மூடாக்கு இட்ட, மட்கு நிறைந்த, கிளறாத மண் நீரை நீண்ட நேரம் பிடித்து வைக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே பெங்களூருவில் இம்முறையைப் பரிசீலிக்கலாம்.

உழாமல் விட்டால் என்ன நடக்கிறது?

உழவைப் போற்றும் மரபில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி நிலத்தை உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் இல்லாமலே பயிர் செழிக்கும் என்ற கருத்தை உழவு அதிகாரத்தில் வள்ளுவர் முன்வைக்கிறார். அப்படியிருக்க, மண்ணைத் தொடாமல் விடுவது எப்படிச் சரியாகும்?

வள்ளுவரின் கூற்றுக்கு நவீன மண்ணியலில் விளக்கம் உண்டு. நன்கு காய்ந்த மண் மீண்டும் நனையும்போது நுண்ணுயிர்கள் திடீரென வேகமெடுத்து, மண்ணிலுள்ள மட்கைச் சிதைத்துத் தழைச்சத்தை விடுவிக்கின்றன. கென்யாவில் ஆய்வு செய்த பிர்ச் என்ற அறிவியலாளர் 1950-களில் இதை விரிவாகப் பதிவு செய்ததால், 'பிர்ச் விளைவு' என்றே இது பெயர் பெற்றது. உழவு மண்கட்டிகளை உடைத்து, உள்ளே பாதுகாப்பாக இருந்த மட்கைக் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. எனவே உழுது காயவிட்ட நிலம் அந்தப் பருவத்தில் நன்றாகவே விளையும். ஆனால் அந்தச் சத்து புதிதாக வந்ததன்று. மண்ணின் சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. தரிசு விடுதல், ஆட்டுக்கிடை, தாள், வண்டல் ஆகியவை வயலின் சேமிப்பை மீண்டும் நிரப்பின. இரண்டு சாண் ஆழத் தொட்டிக்கு அப்படி வரவு எதுவும் இல்லை. அடுத்த குறளிலேயே, ஏர் ஓட்டுவதைவிட எரு இடுவது மேல் என்று வள்ளுவர் சொல்வதையும் சேர்த்துப் படித்தால் தொட்டித் தோட்டக்காரருக்கு முரண்பாடு தெரியாது.

கிளறாத மண்ணில் மற்றொன்றும் நிகழ்கிறது. பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்கள் சுரக்கும் பசைப் பொருள்களும் மண்துகள்களைச் சிறு உருண்டைகளாகக் கட்டுகின்றன. அவற்றுக்கு இடையிலான துளைகளில் காற்றும், உருண்டைகளுக்குள் நீரும் தங்குகின்றன. முந்தைய செடியின் வேர் அழுகிய தடம் அடுத்த செடியின் வேருக்குத் தயாரான பாதையாகிறது. ஒரு கொத்துக்கரண்டி ஒரே நிமிடத்தில் கலைத்துவிடும் இந்த அமைப்பு மீண்டும் உருவாகப் பல மாதங்கள் பிடிக்கும்.

இத்துறையில் பெங்களூருவுக்குத் தனி இடம் உண்டு. இங்குள்ள வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தில் முனைவர் ராதா டி. காளே பல ஆண்டுகள் மண்புழு ஆய்வில் ஈடுபட்டார். மண்புழுவை இயற்கை வேளாண்மையின் சின்ட்ரெல்லாவாகக் காட்டும் தலைப்பையே தம் நூலுக்கு அவர் வைத்தார். வேலையெல்லாம் செய்தும் கவனிக்கப்படாத பாத்திரம் என்பது பொருள். அதே பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் டி.ஜே. பாக்யராஜ், செடியின் வேரோடு கூட்டுவாழ்வு நடத்தும் வேர்ப்பூஞ்சைகளை ஆய்வு செய்து உலக அளவில் அறியப்பட்டவர். சென்னை புதுக் கல்லூரியில் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயில், உள்ளூர் மண்புழு இனங்களையே உரத் தயாரிப்புக்குப் பயன்படுத்தும் முறையைப் பரப்பினார். வெளிநாட்டுக் காணொளிகள் புதுமையாக அறிவிக்கும் பலவற்றை இந்த ஆய்வுக்கூடங்கள் முன்பே பேசிவிட்டன.

கலவையின் நான்கு பங்குகள்

உயிர்மண் கலவையில் நான்கு வகைப் பொருள்கள் இருக்க வேண்டும். நீரைப் பிடிப்பது ஒன்று. உயிரும் உணவும் தருவது ஒன்று. காற்றோட்டம் தருவது ஒன்று. கனிமமும் களியும் தருவது ஒன்று. 100 லிட்டர் கலவை தயாரிக்க விரும்புவோர் பத்து லிட்டர் வாளி ஒன்றை அளவாகக் கொள்ளலாம். கோகோபீட் நான்கு வாளி, மட்கு உரம் மூன்று வாளி, காற்றோட்டப் பொருள் இரண்டு வாளி, செம்மண் ஒரு வாளி என்பது தொடக்கத்துக்கு நல்ல விகிதம். இது சட்டமன்று. கையில் உள்ள பொருளின் தன்மையைப் பொறுத்து சற்றுக் கூடலாம், குறையலாம்.

இவற்றுள் அதிகக் கவனம் கோருவது கோகோபீட். மேலைநாட்டுச் செய்முறைகளில் இந்த இடத்தில் 'பீட்' எனப்படும் சதுப்புநிலப் பாசி மட்கு இருக்கும். ஓர் ஆண்டில் ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும் அந்தச் சதுப்புநிலங்களை வெட்டியெடுப்பதற்கு அங்கேயே எதிர்ப்பு வலுத்துவருகிறது. நமக்கு அது தேவையும் இல்லை. தேங்காய் மட்டையிலிருந்து கயிறு திரித்தபின் எஞ்சும் துகள் தென்னிந்தியாவில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் பீட் இருந்த இடத்தில் கோகோபீட்டை வைத்துவிட்டு, செய்முறையின் மற்ற வரிகளை மாற்றாமல் விடுவதுதான் பலர் செய்யும் தவறு.

பீட் கடும் அமிலத்தன்மை கொண்டது. அதைச் சமன்செய்யவே அந்தச் செய்முறைகள் சுண்ணாம்பைச் சேர்க்கச் சொல்கின்றன. கோகோபீட்டின் அமிலத்தன்மையோ மிகக் குறைவு. அதில் சுண்ணாம்பைக் கொட்டி, பெங்களூருவின் கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஊற்றினால் மண் காரத்தன்மைக்கு ஏறும். இரும்பு, துத்தநாகம் போன்றவை மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காமல் போகும். இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, இடையில் மஞ்சளாக வெளுப்பது இதன் அறிகுறி.

கோகோபீட்டின் உண்மையான சிக்கல் உப்பு. தேங்காய் மட்டையில் பொட்டாசியமும் சோடியமும் இயல்பாகவே மிகுதி. உவர்நீரில் ஊறவைத்த மட்டையானால் இன்னும் மிகுதி. எனவே கட்டியை நீரில் ஊறவிட்டு, பிழிந்து, மீண்டும் புதுநீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். 'கழுவியது' என்று அச்சிட்ட கட்டியானாலும் ஒருமுறையாவது அலசிவிடுவது நல்லது. நீரைச் சேமிக்கும் முறையில் முதல் வேலையே நீரைச் செலவிடுவதாக இருக்கிறதே என்று தோன்றலாம். இது தொட்டியின் ஆயுளில் ஒரே ஒருமுறை நடப்பது. கழுவிய பிறகும் துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தை வெளியேற்ற 200 கிராம் ஜிப்சம் சேர்ப்பது உதவும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும். சுண்ணாம்பைப் போலக் காரத்தன்மையை உயர்த்தாது.

மட்காத கோகோபீட்டில் தழைச்சத்தின் நூறு மடங்குக்கும் மேல் கரிமம் உண்டு. அதைச் சிதைக்க முயலும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். இதற்காகத்தான் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் பூஞ்சையைக் கொண்டு தென்னை நார்க்கழிவை மட்கவைக்கும் முறையைப் பரிந்துரைத்தது. பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் பூஞ்சைகளைக் கொண்டு நொதிக்கவைத்த கோகோபீட்டை 'அர்க்கா' வரிசையில் உருவாக்கியுள்ளது. தழைச்சத்து நிலைநிறுத்துதல், மணிச்சத்தைக் கரைத்தல் போன்ற பணிகளைச் செய்யும் பாக்டீரியாக்களைக் கொண்ட 'அர்க்கா நுண்ணுயிர்க் கூட்டுக் கலவை'யும் இந்நிறுவனத்தின் தயாரிப்பே.

மட்கு உரத்தில் தரமே முக்கியம். சமையலறைக் கழிவும் சருகும் கலந்து மட்கிய வீட்டு உரம் இரண்டு வாளி, மண்புழு உரம் ஒரு வாளி என்பது நல்ல சேர்க்கை. உள்ளே போட்ட பொருள் எதுவென்று அடையாளம் தெரியாத அளவுக்கு மட்கியிருக்க வேண்டும்; மழை பெய்த மண்ணின் மணம் வர வேண்டும். புளித்த வாடையோ அம்மோனியா நெடியோ இருந்தால் அது இன்னும் தயாராகவில்லை. மூன்று வாளிக்கு மேல் மண்புழு உரத்தையே நிரப்புவோரும் உண்டு. அப்படிச் செய்தால் கலவை சேறாகி, காற்று நுழையாமல் வேர் அழுகும்.

காற்றோட்டத்துக்குப் பெர்லைட் வாங்கலாம். ஆனால் அது விலை கூடியது. எடை குறைவானதால் நாளடைவில் மேலே மிதந்து வந்துவிடும். அரிசி ஆலை உமியில் ஒரு பங்கும், கருக்கிய உமி அல்லது உடைத்த செங்கல் துண்டில் ஒரு பங்கும் சேர்த்தால் போதும். உமியில் சிலிக்கா மிகுதியாக இருப்பதால் அது மெதுவாகவே மட்கும். கரியைச் சேர்ப்போர் அதை உரம் ஊறிய நீரில் ஒரு வாரம் ஊறவைத்துச் சேர்க்க வேண்டும். வெறும் கரி முதல் சில மாதங்களுக்கு மண்ணின் சத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும்.

செம்மண் ஒரு வாளி போதும். மண்ணே இல்லாத கலவைகளைப் பரிந்துரைப்போர் உண்டு என்றாலும், ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகும் தொட்டிக்குக் களித்துகள் அவசியம். சத்துகளைப் பிடித்துவைக்கவும் மட்கைப் பாதுகாக்கவும் அது உதவும். கோகோபீட் காலப்போக்கில் கரைந்து மறையும், களி மறையாது.

கடலைக் கடந்து வரும் வேப்பம் புண்ணாக்கு

நான்கு பங்குகளுக்கு மேல், மெதுவாகச் சத்து விடும் பொருள்களைச் சிறிதளவு சேர்ப்பது வழக்கம். அமெரிக்கச் செய்முறைகளில் இந்தப் பட்டியல் நீளமானது: கடற்பாசித் தூள், இறால் ஓட்டுத் தூள், எரிமலைப் பாறைத் தூள், வேப்பம் புண்ணாக்கு. கடைசிப் பெயர் வேடிக்கையானது. வேம்பின் தாயகத்தில் வாழ்பவர்கள் அதை வெளிநாட்டு முத்திரையிட்ட சிறு பொட்டலத்தில் பல மடங்கு விலைக்கு வாங்க வேண்டியதில்லை. உரக்கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறது.

100 லிட்டர் கலவைக்கு வேப்பம் புண்ணாக்கு 250 கிராம், புங்கம் புண்ணாக்கு 250 கிராம், எலும்புத் தூள் அல்லது பாறை பாஸ்பேட் 200 கிராம் என்பது போதுமான அளவு. முட்டை ஓட்டுத் தூள் இரண்டு கைப்பிடி சேர்க்கலாம். மண்ணில் தழைச்சத்து மிக விரைவாக மாற்றமடைந்து வீணாவதை வேப்பம் புண்ணாக்கு மட்டுப்படுத்துகிறது. வேர்ப்புழுக்களையும் ஓரளவு தடுக்கிறது. கன்னடத்தில் 'ஹொங்கே' எனப்படும் புங்கம் பெங்களூருச் சாலைகளில் நிழல் தரும் மரம். அதன் புண்ணாக்கும் தழைச்சத்து மிக்கது. மரச்சாம்பலைத் தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள பொட்டாசியம் ஏற்கெனவே கோகோபீட்டில் இருக்கிறது. அதன் காரத்தன்மையும் இங்கு வேண்டாதது.

பாறைத் தூளைப் பற்றி ஒரு சொல். எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல்லான பசால்ட்டின் தூளையே அந்தச் செய்முறைகள் குறிப்பிடுகின்றன. லால்பாக் குன்றில் பார்க்கும் பாறையைப் போல, பெங்களூருவின் அடித்தளம் சுமார் 300 கோடி ஆண்டுகள் பழைமையான தீபகற்ப நைஸ் வகை. சுற்றுவட்டாரக் கல்குவாரிகளின் தூள் இந்த வகையையும் கிரானைட்டையும் சேர்ந்தது. அது மிக மிக மெதுவாகவே கரையும். அதைச் சேர்ப்பதால் தொட்டியின் எடை கூடுமே தவிர, செடிக்குக் கிடைக்கும் பயன் சொற்பம்.

வேர்ப்பூஞ்சைப் பொட்டலம் வாங்குவோரும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தக்காளி, கத்தரி, மிளகாய், அவரை ஆகியவை இப்பூஞ்சையோடு நன்றாக உறவு கொள்பவை. முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகு ஆகியவை அடங்கிய குடும்பமும், பாலக், பீட்ரூட் ஆகியவை அடங்கிய குடும்பமும் பொதுவாக அந்த உறவை ஏற்பதில்லை. வீட்டுக்குள் பாலக் மட்டும் வளர்ப்பவருக்கு அந்தப் பொட்டலம் வீண் செலவு.

நான்கு வாரக் காத்திருப்பு

கலந்த அன்றே விதைப்பதுதான் அடுத்த பெரிய தவறு. புண்ணாக்கு ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதன்மேல் பாயும். கலவை சூடேறும்; அம்மோனியா வெளிப்படும். மென்மையான வேர் அதைத் தாங்காது. கலவையைப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டுமே சொட்டும் அளவுக்கு ஈரமாக்கி, காற்றுப் புகும்படி கோணியால் மூடி, நிழலில் மூன்று முதல் நான்கு வாரம் வைக்க வேண்டும். முதல் வாரங்களில் இரண்டு மூன்று முறை புரட்டிவிடலாம். இந்த மண் தன் வாழ்நாளில் புரட்டப்படுவது இப்போது மட்டும்தான். டிசம்பர், ஜனவரி மாதக் குளிரில் பெங்களூருவில் இன்னும் ஓரிரு வாரம் கூடுதலாகத் தேவைப்படலாம். மேற்பரப்பில் வெண்ணிறப் பூஞ்சை படர்ந்தால் அஞ்ச வேண்டாம். வேலை நடக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

தயாராகிவிட்டதா என்று அறிய அஞ்சறைப் பெட்டியே போதும். ஒரு கோப்பையில் புதுக் கலவையையும், மற்றொன்றில் கழுவிய வெறும் கோகோபீட்டையும் நிரப்பி, இரண்டிலும் பத்துப் பத்து வெந்தயம் ஊன்றலாம். ஒரு வாரத்தில் இரண்டிலும் முளைப்பு ஒத்திருந்தால் கலவை தயார். புதுக் கலவையில் முளைப்பு குறைந்தாலோ, வேர்நுனி பழுப்பாகக் கருகினாலோ இன்னும் காத்திருக்க வேண்டும்.

உலர்ந்த மட்கையும் கோகோபீட்டையும் மூடிய அறையில் தூசி பறக்கக் கலப்பது கூடாது. தொட்டி மண்ணில் வாழும் ஒருவகை லெஜியோனெல்லா பாக்டீரியாவால் நுரையீரல் தொற்று ஏற்பட்ட நிகழ்வுகள் ஆஸ்திரேலியாவில் பதிவாகியுள்ளன. முதலில் நீர் தெளித்து ஈரமாக்கி, முகக்கவசம் அணிந்து, திறந்த இடத்தில் கலந்து, பிறகு கையைக் கழுவிவிட்டால் போதும்.

தொட்டியும் பராமரிப்பும்

சிறு தொட்டிக்கு இம்முறை பொருந்தாது. ஐந்து லிட்டர் மண் ஒரே வெயிலில் காய்ந்து, அதிலுள்ள உயிர்கள் மடிந்துவிடும். குறைந்தது 40 லிட்டர் கொள்ளளவும் ஓரடி ஆழமும் உள்ள தொட்டி வேண்டும். குறுகலாக உயர்ந்ததைவிட அகலமானது நல்லது. துணிப்பையில் வேருக்குக் காற்று நன்றாகக் கிடைக்கும். ஆனால் மார்ச், ஏப்ரல் மாத வறண்ட காற்றில் நான்கு பக்கமும் நீரை இழக்கும்.

கலவையை நிரப்பி நாற்று நட்டதும், மேற்பரப்பை இரண்டு அங்குலச் சருகால் மூட வேண்டும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தமிழகத்தில் ஊர் ஊராகச் சென்று வலியுறுத்திய அதே மூடாக்குதான். பெங்களூருவில் இதற்குப் பஞ்சமில்லை. மழைமரத்தின் சிறு இலைகள் விரைவில் மட்குபவை. கூட்டிக் குவித்து எரிக்கப்படும் இவை பால்கனிக்கு வரலாம். மூடாக்கின் கீழ் சில மண்புழுக்களை விட்டால், மேலிருந்து உண்டு கீழே உரமிடும் வேலையை அவை பார்த்துக்கொள்ளும்.

அறுவடையின்போது செடியைப் பிடுங்கக் கூடாது. தரைமட்டத்தில் வெட்டி, வேரை மண்ணிலேயே விட வேண்டும். வெட்டிய தண்டையும் நோயற்ற இலைகளையும் நறுக்கி மேலே போட்டுவிடலாம். பக்கத்தில் சிறு குழி செய்து அடுத்த நாற்றை நடலாம். இரு பயிர்களுக்கு இடையே வெந்தயமோ பாசிப்பயறோ கொள்ளோ விதைத்து, பூக்கும் பருவத்தில் வெட்டி மூடாக்காக்கினால் தழைச்சத்து சேரும். ஒவ்வொரு பருவத்திலும் மூடாக்கை விலக்கி ஓரங்குல மட்கு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் இட்டு மீண்டும் மூடிவிட வேண்டும். உரம் போடாமலே ஆண்டுக்கணக்கில் விளையும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். பறித்த கீரையோடு வெளியேறிய சத்தைத் திருப்பித் தராத மண், எவ்வளவு உயிருள்ளதானாலும் வறுமைப்படும்.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் போன்ற கரைசல்கள் வயலுக்கு உகந்தவையாக இருக்கலாம். வீட்டுக்குள் அவற்றின் வாடை ஒரு சிக்கல். பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினா இலைகளில் புதுச் சாணக் கரைசல் படுவது அதைவிடப் பெரிய சிக்கல். நன்கு மட்கிய உரம் அதே பணியைப் பாதுகாப்பாகச் செய்யும்.

நீரைப் பொறுத்தவரை, விரலை மூடாக்கின் கீழ் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் இதற்கு ஏற்றது. குளோரின் மிகுந்த குழாய் நீரை ஓரிரவு திறந்து வைத்து ஊற்றலாம். வீட்டு நீர்ச் சுத்திகரிப்பான் வெளியேற்றும் கழிவு நீரை மட்டும் தொடர்ந்து ஊற்றக் கூடாது. 2024 தட்டுப்பாட்டின்போது அதைச் சேமித்துப் பயன்படுத்துமாறு பலரும் அறிவுரை கூறினர். தரை துடைக்கவும் கழிவறைக்கும் அது பொருந்தும். சுத்திகரிப்பான் ஒதுக்கிய உப்பு முழுவதும் அந்த நீரில் செறிந்திருக்கிறது. கொட்டி மாற்றப்படாத, அடியில் நீர் வடியாத தொட்டியில் அந்த உப்பு ஒவ்வொரு நாளும் சேரும். ஓரத்தில் வெண்படலம் தோன்றும்போது பாதிப்பு ஏற்கெனவே வேருக்குப் போயிருக்கும். மழைக்காலத்தில் ஒன்றிரண்டு நாள் தொட்டி நன்றாக நனையவிடுவது இதற்கு எளிய மருந்து.

வீட்டுக்குள் ஈரம் அதிகமானால் சிறு கருப்பு ஈக்கள் பெருகும். அவற்றின் புழுக்கள் மேல்மண்ணில் வாழ்பவை. நீரைக் குறைத்து மேற்பரப்பை உலரவிடுவதே முதல் தீர்வு. மஞ்சள் ஒட்டும் அட்டை இரண்டாவது. வெளிச்சத்துக்கு, வெயில் நேரடியாக வராத அறையானால் கீரைகளுக்கு எல்.இ.டி. விளக்கு நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரிய வேண்டியிருக்கும். தக்காளி, மிளகாய்க்கு பால்கனியே நல்லது.

எவ்வளவு குப்பை தீரும்?

ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு ஒரு கிலோ ஈரக் கழிவு சேர்வதாகக் கொண்டால் ஆண்டுக்கு 365 கிலோ. மட்கியபின் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சினாலும் 70 கிலோவுக்கு மேல் உரம் கிடைக்கும். 100 லிட்டர் தொட்டிக்கு ஆண்டுதோறும் தேவைப்படுவது அதில் மிகச் சிறு பகுதியே. முதல் ஆண்டில் கலவை செய்ய உதவும் வீட்டு உரம், இரண்டாம் ஆண்டிலிருந்து மிஞ்சத் தொடங்கும். அது குடியிருப்பு வளாக மரங்களுக்கோ, புதிதாகத் தொடங்கும் பக்கத்து வீட்டுத் தொட்டிக்கோ செல்ல வேண்டும். தனி வீட்டைவிட, பொதுவாக உரம் தயாரிக்கும் குடியிருப்பு வளாகத்தில் இம்முறை நன்றாக நடப்பதற்கு இதுவே காரணம்.

தொடங்குமுன் பால்கனியின் தாங்குதிறனையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நனைந்த 100 லிட்டர் கலவை 70 முதல் 90 கிலோ வரை எடையுள்ளது. செம்மண் அளவு கூடினால் 100 கிலோவைத் தாண்டும். குடியிருப்புக் கட்டட பால்கனிகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ள குறைந்தபட்சத் தாங்குதிறன் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. மனிதர்கள், நாற்காலி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகிய அனைத்தின் எடையும் அதற்குள் அடங்க வேண்டும். சதுர மீட்டருக்கு ஒரு பெரிய தொட்டிக்கு மேல் வைக்காமல், சுவரையும் தூணையும் ஒட்டி வைப்பது பாதுகாப்பு. பழைய கட்டடமாக இருந்தால், மண் மூட்டை வாங்குவதற்கு முன்பே கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிடலாம்.